820 மில்லிமீட்டர் மழை பெய்தும் இராமநாதபுரம் ஏன் ‘தண்ணியில்லாக் காடு’?

நொய்யல்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோவையை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்த நான், கடந்த ஆனி மாதம் முதல் முதுகுளத்தூர் வட்டாரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். பணியாணை கைக்கு வந்த அன்று எங்கள் வீட்டில் மகிழ்ச்சியைவிட வருத்தமே மிகுதியாக இருந்தது. “தண்ணியில்லாக் காட்டுக்கா போற?” என்று பெரியம்மா கேட்டார். அரசுப் பணியில் இருப்பவர்களைத் தண்டிப்பதென்றால் இராமநாதபுரத்துக்கு மாற்றுவார்கள் என்ற பேச்சைச் சிறுவயது முதலே கேட்டிருக்கிறேன். ஆதலால் அவர் கேட்டதில் எனக்கு அன்று வியப்பு எதுவும் ஏற்படவில்லை.

வந்து சேர்ந்தபின், எட்டாம் வகுப்புக்குப் புவியியல் பாடம் நடத்துவதற்காக மழைப்பொழிவு விவரங்களைத் தொகுத்தேன். இம்மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 820 மில்லிமீட்டர். கோவைச் சமவெளியில் பெய்வதைவிட இது கூடுதல்; பக்கத்திலுள்ள தூத்துக்குடி மாவட்டத்தின் சராசரியைவிடவும் கூடுதல். தவறாகக் கூட்டிவிட்டேனோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன். கணக்கில் பிழையில்லை.

ஆனால் கண்ணெதிரே காண்பது வேறாக இருக்கிறது. மாலையில் நான் பேருந்துக்குக் காத்திருக்கும் நிறுத்தத்தைக் கடந்து, குடங்கள் ஆடாமல் நிற்பதற்கென்றே இரும்பு வளையங்கள் வைத்துச் செய்த சிறிய தள்ளுவண்டிகளில், ஆறு குடம் எட்டுக் குடம் என்று அடுக்கிப் பெண்கள் தண்ணீர் கொண்டு போகிறார்கள். அவ்வண்டிகளைத் தள்ளுவோரில் என் மாணவியரும் இருக்கிறார்கள். ஒரு மாணவி ஏன் நேற்று வரவில்லை என்று கேட்டால், “காவிரித் தண்ணி வர்ற நாள் டீச்சர்” என்கிறாள். காவிரி எங்கே, முதுகுளத்தூர் எங்கே!

மழை இவ்வளவு பெய்தும் தண்ணீர் ஏன் நிற்பதில்லை? இந்நிலத்தில் மக்கள் இத்தனை நூற்றாண்டுகள் எதைக் கொண்டு வாழ்ந்தனர்? கோயில்களின் பட்டியல் எனக்கு வேண்டியதில்லை. அது எங்கும் கிடைக்கிறது. தங்கள் ஊரின் நீரையும் தொழிலையும் மாணவர்கள் புரிந்துகொள்வதற்கு எந்த இடங்களுக்கு அவர்களை அழைத்துச் செல்லலாம் என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.


கலுங்கடி எழுதியது:

ஆசிரியர் அம்மாவுக்கு வணக்கம். வைகையின் கீழ்ப்பகுதியில் பாசனப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் கேட்ட கேள்வியை என் பணிக்காலம் முழுவதும் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

820 மில்லிமீட்டர் என்ற எண் சரிதான். ஆனால் அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில நாள்களில் மட்டும் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. உங்கள் கோவைக்கு மேற்கே மலை நிற்கிறது. சமவெளியில் மழை குறைந்தாலும் சிறுவாணிக்கும் ஆழியாற்றுக்கும் மலைமேல் பெய்யும் மழை வந்து சேரும். இங்கே மலையில்லை, ஆகவே அணை கட்டுவதற்கு இடுக்கும் இல்லை. மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மிக மெல்லச் சாயும் தட்டை நிலம் இது. பெய்த மழை ஓரிடத்தில் திரண்டு ஓடாமல் பரப்பெங்கும் விரிந்து, சில நாளில் கடலுக்குப் போய்விடும் அல்லது வெயிலில் வற்றிவிடும். நிலத்தடி நீரை நம்பலாமென்றால், மாவட்டத்தின் பெரும்பகுதியில் கிணறு வெட்டினால் உவர்நீரே கிடைக்கிறது. கடலாடிப் பக்கம் நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைத்ததும், பின்னர் திருச்சிக்கு அருகிலிருந்து காவிரி நீரைக் குழாய் வழியே இவ்வளவு தொலைவு கொண்டுவந்ததும் இந்த உவரினால்தான். உங்கள் மாணவி பள்ளிக்கு வராத நாளுக்குக் காரணமான குழாய் அது.

இத்தகைய நிலத்தில் தண்ணீரைத் தேக்க ஒரே வழிதான் உண்டு. பரந்து ஓடும் நீரை, அது விரையும் முன்பே, ஆயிரம் இடங்களில் மறிக்க வேண்டும். நம் முன்னோர் அதைத்தான் செய்தார்கள். நீர் வரும் மேற்குத் திசையைப் பார்த்து வாய் திறந்த பிறைபோல் மண்ணால் ஒரு கரை எழுப்பினால் அது கண்மாய். அக்கண்மாய் நிறைந்து, மிகைநீர் வெளியேறும் கலுங்கு வழியே வழியும் நீர், கீழேயுள்ள அடுத்த கண்மாய்க்கு வரத்துக்காலாகப் போய்ச் சேரும். இவ்வாறு கண்ணி கோத்தாற்போல் கடல் வரைக்கும் செல்லும். 1,500-க்கும் மேற்பட்ட கண்மாய்கள் இம்மாவட்டத்தில் உள்ளன. வடக்கே ராஜசிங்கமங்கலத்துக் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்பார்கள். ஒரு கரையிலிருந்து புறப்பட்ட நாரை மறுகரை வரை இளைப்பாறாமல் பறந்து கடக்க முடியாத அகலம் என்பது அதன் பொருள். பாண்டியன் இராசசிங்கன் பெயரைத் தாங்கிய ஊர் அது.

அடுத்தது வைகை. வருசநாட்டு மலைகளில் பிறந்து, 258 கிலோமீட்டர் நடந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்களுக்குப் பாசனம் தந்து, கடைசியாக நம்மிடம் வருகிறது. பார்த்திபனூர் மதகணையில் கால்வாய்களாகப் பிரிந்தபின் எஞ்சியது இராமநாதபுரம் பெரிய கண்மாயில் விழும். அதிலும் மிஞ்சினால் மட்டும் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலைத் தொடும். சிவபெருமானுக்கு நஞ்சைத் தந்த கடலின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று வைகை கண்மாயோடு நின்றுவிட்டதாகப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். பாட்டு அழகுதான். பெரிய கண்மாயின் அளவுகோல் அருகே பல தை மாதங்களில் நின்றவன் என்ற முறையில், எனக்கு அந்தப் பாட்டைக் கேட்கும்போது வேதனையும் வரும்.

ஒன்றை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். மேற்கே கேரளப் பக்கம் பாயும் பெரியாற்றைத் திருப்பி வைகையில் விடலாம் என்று முதன்முதலில் எண்ணி, 1789-இல் ஆள்களை அனுப்பி ஆராயச் செய்தவர், இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி (அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளை. செலவு தாங்காது என்று அன்று கைவிடப்பட்டது. நூறாண்டுக்குப் பின் பென்னிகுவிக் அணையைக் கட்டி முடிக்க, 1895-இல் தண்ணீர் வைகைக்கு வந்தது. ஆனால் அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரை, மேலூர்ப் பக்கத்தையும் செழிக்கச் செய்தது. எண்ணம் உதித்த நாட்டுக்குக் கடைமடைப் பங்கே வந்தது. 1959-இல் வைகை அணை வந்த பிறகும் கடைமடை கடைமடையாகவே இருக்கிறது. மேலே உள்ள ஒவ்வொரு கண்மாயும் வாய்க்காலும் நிறைந்தால்தான் நமக்கு ஏதேனும் வரும். ‘தண்ணியில்லாக் காடு’ என்ற சொல்லைவிட ‘கடைமடை’ என்ற சொல்லே இம்மாவட்டத்தின் நிலையைச் சரியாகச் சொல்லும் என்பது என் கருத்து.


கரிசல்மேடு எழுதியது:

வணக்கம். நான் கமுதி வட்டத்தில் பயிர் செய்கிறவன். கலுங்கடி ஐயா சொன்ன அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும், எங்கள் ஊரில் தண்ணீர் இருக்கிறது என்பதை முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன். மூன்று மாதத்துக்கு இருக்கிறது. அந்த மூன்று மாதத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டத் தெரிந்தவர்கள்தான் எங்கள் பாட்டனும் பூட்டனும்.

எங்கள் நெல் சாகுபடியைத் தஞ்சாவூர்க்காரரிடம் சொன்னால் நம்ப மாட்டார். நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது. ஆடி ஆவணியில் கிடைக்கும் சிறு மழையில் உழுது போட்டு, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிடுவோம். புழுதி விதைப்பு என்று பெயர். விதை மண்ணுக்குள் படுத்து மழையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் முளைக்கும். கண்மாய் நிறையும் வரைக்கும் மானாவாரிப் பயிராகவே வளரும். பிறகு மடை திறந்து கடைசி இரண்டு தண்ணீர் பாய்ச்சினால் தையில் அறுப்பு. முளைத்தபின் மழை பதினைந்து நாள் இடைவெளி விட்டால் பயிர் கருகும், மறுபடி விதைக்க வேண்டும். சில ஆண்டுகளில் மூன்று முறை விதைத்திருக்கிறோம். ஒரு வயலுக்கு மூன்று விதைப்பு என்றால் விதை நெல்லுக்கும் உழவுக்கும் ஆகும் கடனை நீங்களே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நெல் வயிற்றுக்கு. கைக்குக் காசு தருவது மிளகாய். எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற மிளகாய் நீண்டிருக்கும். இது குட்டையாக, உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். நன்றாகக் காய்ந்த வற்றலைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று ஒலிக்கும். ஒலிக்காத வற்றலில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். என் தாயார் ஒரு மூட்டையில் கைவிட்டு நாலு வற்றலை ஆட்டிப் பார்த்தே, அது எத்தனை நாள் களத்தில் கிடந்தது என்று சொல்லிவிடுவார்.

பழம் பறிப்பு தையில் தொடங்கிச் சித்திரை வரை போகும். பறித்த பழத்தை உடனே வெயிலில் போடக்கூடாது. ஓரிரு நாள் அம்பாரமாகக் குவித்து மூடி வைத்தால் இளஞ்சிவப்புப் பழமும் பழுத்து நிறம் ஒன்றுபோல் ஆகும். பிறகு களத்தில் பரப்பி, நாளுக்குப் பலமுறை காலால் துழாவித் திருப்பி, பனி விழாமல் இரவில் மூடி, பத்துப் பதினைந்து நாள் காக்க வேண்டும். மாசியில் எதிர்பாராமல் பெய்த ஒரு மழையில், களத்தில் கிடந்த எங்கள் வற்றல் முழுவதும் வெளிறிப் போய், கேட்ட விலைக்குப் பாதிகூடக் கிடைக்காமல் தள்ளிவிட்டு வந்ததை நான் மறக்கவில்லை. கூரையிட்ட களமும் குளிர்பதனக் கிடங்கும் ஊருக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டியது, புவிசார் குறியீட்டைவிட எங்களுக்கு அவசரமான தேவை.

சீமைக்கருவேலம் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் விறகுத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாக இம்மரத்தின் விதையைப் பரப்பினார்கள். வறட்சியில் வாடாத மரம். ஆனால் கண்மாயின் உள்வாயிலும் வரத்துக்காலிலும் புகுந்து நீர்வழியை அடைத்துவிட்டது. அதை வேரோடு அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே வேளையில், பயிர் பொய்த்த ஆண்டுகளில் கருவேலங்கட்டையை மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்றுத்தான் எங்கள் பக்கத்துப் பல குடும்பங்கள் அடுப்பெரித்தன. அம்மக்களுக்கு வேறு தொழில் காட்டாமல் மரத்தை மட்டும் பழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்போது எங்கள் வட்டத்தில் வெயிலையே விளைச்சலாக்கும் தொழிலும் வந்திருக்கிறது. 2016-இல் கமுதி அருகே 2,500 ஏக்கர் அளவில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. அந்தப் பரப்பில் எத்தனை பேருக்கு அன்றாட வேலை கிடைக்கிறது என்று கேட்டால், ஒரு மிளகாய்க் காட்டுப் பறிப்புக்கு வரும் பெண்களின் எண்ணிக்கையை நினைத்துக்கொள்கிறேன்.


நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. புழுதி விதைப்பு என்பதை இன்று வகுப்பில் சொன்னபோது, முப்பத்திரண்டு பிள்ளைகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் கைதூக்கித் தங்கள் வீட்டு வயலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டனர். பாடப்புத்தகத்தில் இல்லாததால் அதைச் சொல்லத் தகாதது என்று இத்தனை நாள் எண்ணியிருந்தார்கள் போலும். கரையோரத்தைப் பற்றி யாரேனும் எழுதுவீர்களா? என் வகுப்பில் கடலாடிப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. கடலருகே குடிநீர் என்ன ஆகிறது?


வடகடல் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் பாம்பன் தீவைச் சேர்ந்தவள். இம்மாவட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கரையோடு நின்றுவிடுகிறார்கள். 200 கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை கொண்ட மாவட்டம் இது; கடலையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

எங்களுக்குக் கடல் இரண்டு. பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வோம். வடகடல் ஆழம் குறைந்தது, சேற்றுத்தரை. தென்கடலில் பவளப்பாறையும் தீவுகளும் உண்டு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடை தொடங்கினால் நிலைமை மாறும். காற்றுக்கு ஏற்பப் படகையும் குடும்பத்தையும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொண்டு மீன் பிடித்தவர்கள் எங்கள் முன்னோர். உள்நாட்டில் கண்மாயை வைத்து மூன்று மாத நீரை நீட்டியதுபோல, நாங்கள் இரு கடலை வைத்து ஆண்டை நீட்டினோம் என்று கரிசல்மேடு அண்ணனுக்குச் சொல்லிக்கொள்கிறேன். சித்திரை முதல் ஆனி தொடங்கும் வரை, ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்.

பெண்களின் தொழிலைப் பற்றி எங்கும் எழுதுவதில்லை. பாம்பனைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கள் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று வகைகள் உண்டு. உறைகூழ் (அகர்) செய்யும் ஆலைகளுக்கு அவை போகும். என் அம்மா கடலுக்குள் இறங்குமுன் பழைய சேலையைக் கிழித்து விரல் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சுற்றிக் கட்டுவார். பாறையில் பிடித்திருக்கும் பாசியைப் பிடுங்கும்போது அத்துணி இல்லையென்றால் அரை மணியில் விரல் கிழிந்துவிடும். காலில் பாறை குத்தாமல் தகடோ செருப்போ கட்டிக்கொள்வார். கண்ணாடி மாட்டி மூச்சடக்கி மூழ்கி, இடுப்பில் கட்டிய வலைப்பைக்குள் பாசியைத் திணித்துக்கொண்டு மேலே வருவார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல், 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவானது. பவளப்பாறை காக்கப்பட வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. மூழ்கிப் பிழைக்கும் பெண்ணுக்கு எந்த நாள், எந்தப் பாறை என்று அவளோடு உட்கார்ந்து பேசி வகுத்திருந்தால் அவள் ஒளிந்து பாசி எடுக்க வேண்டியிராது.

நீங்கள் கேட்ட குடிநீருக்கு வருகிறேன். உள்நாட்டில் உவர்நீர், கடலோர மணலில் நன்னீர் என்றால் வியப்பாக இருக்கும். தனுஷ்கோடிப் பக்கம் இரு கடலுக்கும் நடுவே நூலாக நீளும் மணல்திட்டில், கையால் நாலு அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்தபடி தங்கியிருக்கும். சிறுகச் சிறுக, தேங்காய்ச் சிரட்டையால் அள்ளினால் ஊற்று நிற்காது. ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டிவிட்டால் அடியிலுள்ள உப்பு மேலே வந்துவிடும். இராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களில் பெரும்பாலானவை நன்னீர்க் கிணறுகள். தங்கச்சிமடம் அருகே வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது, அதிலும் தண்ணீர் இனிக்கும். பிள்ளைகளை இராமேசுவரத்துக்கு அழைத்து வந்தால் கோயிலைக் காட்டுவதோடு இந்த ஊற்றையும் காட்டுங்கள்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு வந்த தொடர்வண்டியைக் கடல் கொண்டுபோனதை எல்லோரும் அறிவார்கள். அதன்பின் அவ்வூர் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டும், அந்த மணலூற்றை நம்பி மீனவக் குடும்பங்கள் மீண்டும் அங்கே குடிசை போட்டன. 1914-இல் கட்டிய பழைய பாம்பன் பாலம் அப்புயலைத் தாங்கி, பழுது பார்க்கப்பட்டு, அதன்பின் பல பத்தாண்டுகள் உழைத்தது. இப்போது 2025 முதல், நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயரும் புதிய பாலத்தில் வண்டி ஓடுகிறது.


சேதுவழி எழுதியது:

மூவரும் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். வரலாற்றுப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். கலுங்கடி ஐயாவிடம் ஓரிடத்தில் மாறுபடவும் செய்கிறேன்.

கடைமடை என்பது நீரின் கணக்கு. கடல் வழியே வந்தவர்களுக்கு இந்நாடு தலைவாசல். வைகை கடலைத் தொடும் இடத்திலுள்ள அழகன்குளத்தில் 1980-களிலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் உரோமானியக் காசுகளும், மதுச்சாடி உடைசல்களும், கப்பலின் உருவம் கீறிய பானை ஓடு ஒன்றும் கிடைத்தன. அதற்குப் பல நூற்றாண்டு பின்னர் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான்கள் வந்திறங்கின. கீழக்கரை முத்துக்கும் சங்குக்கும் பேர்போன துறையாக இருந்தது. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று இன்றும் நாம் சொல்லும் வள்ளல் சீதக்காதி, 17-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் கப்பல் வணிகம் செய்தவர். கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர். கிழவன் சேதுபதிதான் போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றி, இராமலிங்க விலாசம் அரண்மனையைக் கட்டியவர். அதன் சுவரோவியங்கள் இன்றும் இருக்கின்றன. வறண்டு கிடந்த காட்டில் இப்படியொரு அரண்மனையை யாரும் கட்டியிருக்க முடியாது.

ஆகவே நிலம் தட்டை, மலை இல்லை என்பவை என்றும் இருந்த குறைகள். அவற்றை ஈடுசெய்த ஏற்பாடு எப்போது தளர்ந்தது என்பதே என் கேள்வி. 1795-இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கும்பினியார் சிறைபிடித்தனர். 1803-இல் சீமை ஜமீனாக மாறியது. கும்பினிக்குப் பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டுவதே ஜமீனின் முதற்கடமை ஆனபின், வரத்துக்கால் தூர்வாருவதும் கரை உயர்த்துவதும் பின்னுக்குப் போயின. ஊரார் கூடி உழைக்கும் குடிமராமத்து மெல்ல மங்கியது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின் பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் சென்றன. மேல் கண்மாய் ஒருவர் பொறுப்பு, அதன் கலுங்கு நீரை வாங்கும் கீழ்க் கண்மாய் இன்னொருவர் பொறுப்பு என்று ஆனால், கண்ணி அறுந்ததை யார் கவனிப்பார்? இயற்கையைவிட இந்தப் பிரிவினைக்கே நான் கூடுதல் பொறுப்பைச் சுமத்துவேன்.

பொருளாதாரத்தில் இன்னொரு பிரிவினையும் உண்டு. மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து 1910-இல் உருவான பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் சிவகாசியும், இராசபாளையமும், விருதுநகரும், காரைக்குடியும் அடங்கியிருந்தன. ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையிலேயே இயங்கியது. 1985-இல் மூன்றாகப் பிரித்தபோது ஆலையும் அச்சகமும் ஒரு பக்கமும், நகரத்தார் ஊர்கள் மற்றொரு பக்கமும் சென்றன. பரமக்குடியின் கைத்தறியும், வாலிநோக்கத்து உப்பளமும், மிளகாயும், பனையும், மீனும் மட்டும் இன்றைய இராமநாதபுரத்தின் பங்காக நின்றன. பின்தங்கிய மாவட்டம் என்று எண்களைக் காட்டிப் பேசுவோர் இந்தப் பாகப்பிரிவினையையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்குக் காட்டுவதற்கு என் பரிந்துரை, பழைய கண்மாய் ஏதேனும் ஒன்றிலுள்ள குமிழித் தூம்பு. கரையிலிருந்து சற்று உள்ளே, நீருக்கு நடுவில் இரண்டு கல்தூண்கள் நிற்கும். குறுக்கே பலகைக் கற்கள் இருக்கும். அதன் அடியில் கல்தொட்டி. தொட்டியின் மேற்புறத்து நீரோடித் துளையை அடைத்திருக்கும் குமிழைத் தூக்கினால் தெளிந்த நீர் பாசனத்துக்கு இறங்கும். தரையோடு ஒட்டியிருக்கும் சிறிய சேறோடித் துளைகள் வழியே அடியில் படிந்த வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக உடன் வெளியேறி வயலுக்கு உரமாகப் போகும். தூர் தானாகவே குறையும்படி அமைத்த அந்த நுட்பத்தைக் கல்லில் தொட்டுப் பார்த்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.


கலுங்கடி எழுதியது:

சேதுவழி நண்பர் சொன்ன பொறுப்புப் பிரிவினையை நான் விட்டது குறைதான், ஏற்றுக்கொள்கிறேன். இரு துறைகளின் எல்லையில் நின்ற ஓர் உடைந்த கலுங்கை யார் சீர்செய்வது என்பதற்காக மட்டும் இரண்டு பருவங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கே உண்டு.

ஆசிரியர் அம்மா, உங்கள் பள்ளிக்கு மிக அருகிலேயே சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் உள்ளன. 2022-இல் இரண்டும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. 2025-இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்காலும் அப்பட்டியலில் சேர்ந்தன. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். பறவைகள் கலையக்கூடாது என்று சித்திரங்குடி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கார்த்திகை கடந்து, நீர் பெருகியபின் போங்கள். கலுங்கின் மேல் பிள்ளைகளை நடக்க விடாதீர்கள். பாசி படிந்து வழுக்கும்.


நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் மீண்டும் நன்றி. மார்கழி முதல் சனிக்கிழமை சித்திரங்குடிக்குச் செல்லத் தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்றுவிட்டேன். இதற்கிடையில் ஒரு செய்தி. குமிழித் தூம்பைக் கரும்பலகையில் வரைந்து விளக்கியபோது, கடைசி வரிசையில் அமர்ந்து வழக்கமாக வாய் திறக்காத ஒரு பையன் எழுந்து, தான் வரைந்தால் இன்னும் சரியாக இருக்கும் என்றான். வரைந்தும் காட்டினான். அவனுடைய தாத்தா அவர்கள் ஊர்க் கண்மாயின் நீர்பாய்ச்சியாக இருந்தவராம். எந்த வயலுக்கு எந்த நாழிகையில் தண்ணீர் என்று முறை வைத்துத் திறந்துவிட்டு, அறுப்பின்போது களத்திலேயே நெல்லாகக் கூலி வாங்கியவராம். எழுபத்தைந்து வயதாகும் அவர் எங்களோடு சித்திரங்குடிக்கு வர இசைந்திருக்கிறார். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்க விரும்புவதையும் இங்கே எழுதினால், கேட்டு வந்து பதில்களைப் பதிகிறேன்.


கரிசல்மேடு எழுதியது:

கண்மாயில் தண்ணீர் குறைவாக இருந்த ஆண்டில் முதல் தண்ணீரை எந்த வயலுக்கு விட்டார், மேல்மடைக்கா கடைமடைக்கா, அதை ஊரார் எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்று அவரிடம் கேளுங்கள் அம்மா. எங்கள் ஊரில் அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை.